ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் 1917-ஆம் ஆண்டு கமிஷன் பத்திரம்: கையெழுத்து அரசர் போட்டதுதானா?

ஏட்டுக்கட்டு எழுதியது:

வணக்கம். பழைய ஆவணங்களில் கைதேர்ந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். சென்னையில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் சட்டமிட்ட பத்திரம் ஒன்று வந்திருக்கிறது. 1917-இல் ஓர் ஆங்கில இளைஞரைப் பிரிட்டிஷ் தரைப்படையில் இரண்டாம் லெப்டினன்டாக நியமித்த கமிஷன், அதாவது அதிகாரிப் பதவிக்கான நியமன ஆணை. இடது மேல் மூலையில் "ஜார்ஜ் ஆர்.ஐ." (ரெக்ஸ் இம்பரேட்டர், அதாவது அரசரும் பேரரசரும்) என்று கையெழுத்து, அதையொட்டிப் புடைப்பு முத்திரை. ஐந்தாம் ஜார்ஜின் பட்டங்கள் எல்லாம், "இந்தியாவின் சக்கரவர்த்தி" உட்பட, வரிசையாக வருகின்றன. வாசகம் முழுவதும் சாய்ந்த அலங்கார எழுத்தில் அச்சாகியிருக்கிறது. இளைஞரின் பெயரும் பதவியும் தேதிகளும் மட்டும் பேனாவால் நிரப்பப்பட்டவை. அடியில் "மாட்சிமை தங்கிய மன்னரின் ஆணைப்படி" என்ற வரியும் அதிகாரிகளின் கையெழுத்துகளும்.

பேரரசரே தம் கையால் போட்டது என்று சொல்லி விற்பவர் அதற்கேற்ற விலை கேட்கிறார். எனக்குச் சில ஐயங்கள். எந்த ரெஜிமென்ட் என்று எங்கேயும் குறிப்பிடவில்லை. தேதியும் இரண்டு இருக்கின்றன: பதவி தொடங்கும் நாள் ஒன்று, செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் வழங்கப்பட்டதாகச் சொல்லும் நாள் இன்னொன்று. இடையில் சில வாரங்கள் ஓடியிருக்கின்றன. இது போலியா? இல்லையென்றால், வாங்கலாமா?


கல்லெழுத்து எழுதியது:

நண்பரே, பத்திரம் அசலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கையெழுத்து மட்டும் அரசரின் கை பட்டதன்று. அது முத்திரையாகக் குத்தப்பட்ட நகல்.

இதற்கு ஒரு நீண்ட கதை உண்டு. விக்டோரியா அரசி ஒவ்வொரு அதிகாரியின் கமிஷனிலும் தாமே கையெழுத்திட வேண்டியிருந்தது. கிரிமியப் போருக்குப் பிறகு படையும் பெருத்தது, பத்திரங்களும் பெருகின. கையெழுத்துக்குக் காத்திருந்த தாள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்த பின் அரசி துக்கத்தில் ஒதுங்கிவிட்டதால் அந்தக் குவியல் கரைய வழியே இல்லாமல் போயிற்று. மறு ஆண்டு, 1862-இல், அரசியின் கையெழுத்து இல்லாமலே கமிஷன் செல்லுபடியாகும் என்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. முதல் உலகப் போரை நினைத்துப் பாருங்கள்: அந்தப் போரில் பிரிட்டிஷ் படை வழங்கிய கமிஷன்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். எந்த மன்னரும் உட்கார்ந்து போட்டு முடிக்கக்கூடிய எண்ணிக்கை அன்று அது.

ஒரு நல்ல உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பேனாவால் எழுதிய பெயரில், முனை அழுந்திய இடத்தில் மை அடர்ந்து கோடு பருத்திருக்கும். மேலே இழுத்த கோடு மெலிந்திருக்கும். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் மை இரட்டித்திருப்பது தெரியும். "ஜார்ஜ் ஆர்.ஐ." என்பதில் இவை எதுவும் இருக்காது. ஒரே கனத்தில் படிந்த மை, விளிம்பில் சற்றே பிதுங்கிய கரை, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்துப் பார்த்தால் ஐயமே எழாது.

ரெஜிமென்ட் பெயர் இல்லாததும் முறைதான். கமிஷன் "எமது தரைப்படை"க்குள் கொடுக்கப்படுகிறது. எந்த அணிக்குப் போகிறார், பின்னால் என்ன பதவி உயர்வு பெறுகிறார் என்பதையெல்லாம் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட் அறிவிக்கும் என்று பத்திரத்திலேயே ஒரு வரி இருக்குமே, படித்தீர்களா? காப்டன் ஆனாலும் கர்னல் ஆனாலும் அந்த ஒரே தாள்தான். இரண்டு தேதிகளும் அப்படியே. முதலாவது பணிமூப்பைக் கணக்கிடும் நாள், இரண்டாவது தாள் எழுதப்பட்ட நாள். இரண்டும் ஒரே நாளாக இருந்தால்தான் போர்க்காலத்தில் வியப்பு.


நீலமலைக்காரன் எழுதியது:

அப்படியானால் விட்டுவிடுங்கள் ஐயா. இரண்டு லட்சத்தில் ஒன்று, அதிலும் ரப்பர் முத்திரை போன்ற கையெழுத்து! அரசத்தலைவரின் கை பட்ட நியமனப் பத்திரம் வேண்டுமென்றால் ஆபிரகாம் லிங்கன் காலத்து அமெரிக்கக் கமிஷன்களைத் தேடுங்கள். அவற்றில் அவரே மை தொட்டு எழுதினார். அதுதான் வரலாற்றைக் கையில் பிடிப்பது.


ஹட்சன் கரை எழுதியது:

நீலமலைக்காரன் சொல்வது உண்மை. நான் அமெரிக்காவில் வசிப்பவன். இங்கே அருங்காட்சியகங்களில் லிங்கன் கையெழுத்திட்ட கமிஷன்களை நின்று பார்த்திருக்கிறேன். தோல் தாள், உச்சியில் சிறகு விரித்த கழுகு, அடியில் கொடிகளும் பீரங்கிகளும் ஈட்டிகளும் குவிந்த செதுக்கோவியம், போர்த்துறையின் முத்திரை. தோலின் வழவழப்பில் மை சில இடங்களில் பற்றாமல் வழுக்கியிருப்பதுகூடத் தெரியும். கடிதங்களில் "ஏ. லிங்கன்" என்று சுருக்கமாகப் போடும் வழக்கமுள்ளவர், கமிஷன்களில் "ஆபிரகாம் லிங்கன்" என்று முழுப் பெயரையும் எழுதுவார். பக்கத்தில் போர்த்துறைச் செயலரின் எதிர்க்கையெழுத்து.

சேகரிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். எட்வின் ஸ்டான்டன் போர்த்துறைச் செயலரானது 1862 ஜனவரியில். அதற்கு முன் சைமன் கேமரான். 1861-இல் வழங்கப்பட்டதாகத் தேதியிட்ட பத்திரத்தில் ஸ்டான்டன் கையெழுத்து இருந்தால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். ஆனால் "1861 முதல் பதவிமூப்பு" என்று எழுதி 1862-இல் வழங்கியிருந்தால் அது சரியானதே. கல்லெழுத்து சொன்ன அதே இரண்டு தேதி விஷயம். இன்னொன்று, ஜோசப் கோசி என்ற பெயரை நினைவில் வையுங்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் லிங்கன் கையெழுத்தைப் போலியாக எழுதியே பிழைத்த மனிதர். பழைய தாளும் பழுப்பு மையும் அவருடைய ஆயுதங்கள்.

மேலும், உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர்கள் எல்லோருடைய கமிஷனிலும் லிங்கன் இருக்க மாட்டார். மாநிலங்கள் திரட்டிய தொண்டர் ரெஜிமென்டுகளில் கர்னல் வரைக்கும் மாநில ஆளுநர்களே நியமித்தார்கள். தளபதிகள், நிரந்தரப் படையின் அதிகாரிகள், பணியாளர் பிரிவு அதிகாரிகள் போன்றோருக்கே அதிபரின் பத்திரம். அங்கே ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனிப் பத்திரம், தளபதிகளுக்கும் நிரந்தரப் படையினருக்கும் செனட்டின் ஒப்புதலும் வேண்டும். வடக்குத் தரப்புத் தளபதி யுலிசஸ் கிராண்டின் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். லெப்டினன்ட் ஜெனரல் என்ற பதவியைக் காங்கிரஸ் 1864 பிப்ரவரி இறுதியில் சட்டமியற்றி உயிர்ப்பித்தது. மார்ச் 8 அன்று வாஷிங்டனுக்கு வந்த கிராண்ட், வில்லர்ட் ஹோட்டல் பதிவேட்டில் தம் பெயரையும் மகனையும் ஊரையும் மட்டும் எழுதினார். மறுநாள் அமைச்சரவை முன்னிலையில் லிங்கன் அந்தக் கமிஷனைக் கையில் கொடுத்தபோது இருவருமே எழுதி வைத்திருந்த சில வரிகளைப் படித்தார்கள். அந்தத் தாள் கைமாறியதும் வடக்கின் படைகள் முழுவதும் ஒரே மனிதரின் கட்டளைக்குக் கீழ் வந்தன.


முத்துச்செல்வி எழுதியது:

ஹட்சன் கரை, உங்கள் கடைசி வரியைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். இந்த இழையில் எல்லோரும் பத்திரத்தின் மேல் மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அரசர் மையைத் தொட்டாரா, முத்திரை குத்தினார்களா என்பது விலை பேசுகிறவர்களின் கவலை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஏட்டுக்கட்டு தயவுசெய்து பத்திரத்தின் நடுப்பகுதிக்குப் போக வேண்டும். அங்கே இப்படி வரும்: உம்முடைய விசுவாசத்திலும் துணிவிலும் நன்னடத்தையிலும் தனி நம்பிக்கை வைத்து உம்மை அதிகாரியாக்குகிறோம், உமக்குக் கீழே பணிபுரியும் அதிகாரிகளையும் வீரர்களையும் ஒழுங்கில் வைத்திரும், உம்மைத் தம் மேலதிகாரியாகக் கொண்டு கீழ்ப்படியுமாறு அவர்களுக்கு ஆணையிடுகிறோம்.

அந்த ஆணையில்தான் எல்லாம் இருக்கிறது. மன்னர் அந்த இளைஞருக்குப் பதவி மட்டும் கொடுக்கவில்லை; மற்றவர்கள் மீது ஒரு கடமையைச் சுமத்துகிறார். அந்த மற்றவர்களில் இந்தியச் சுபேதார்களும் அடக்கம்.

1917-க்கு முன்னால், மருத்துவப் பணியையும் சுதேச சமஸ்தானப் பிரபுக்களுக்கென்று உருவாக்கிய தனி ஏற்பாட்டையும் விட்டால், மன்னரின் கமிஷன் எந்த இந்தியப் போர்வீரனுக்கும் கிடையாது. ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகியோர் வைசிராயின் கமிஷன் பெற்றவர்கள். மன்னரின் கமிஷன் பெற்ற ஆங்கிலேயர் எவராயினும், நேற்று வந்த பத்தொன்பது வயதுக்காரராக இருந்தாலும், முப்பது ஆண்டு பணி செய்த சுபேதார் மேஜருக்கு அவரே மேலதிகாரி. விக்டோரியா கிராஸ் பதக்கத்தை 1911-இலேயே இந்தியர்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தில், தன் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் அனைவரும் மடிந்த பிறகும் சுட்டுக்கொண்டிருந்த குதாதாத் கான் அதைப் பெற்றார். வீரத்தின் உச்சப் பதக்கத்துக்குத் தகுதியானவர், ஒரு பிளாட்டூனில் ஆங்கிலேயனுக்குக் கட்டளையிடத் தகுதியற்றவர். அந்த அநீதியைத் தாங்கி நின்ற தாள்தான் நம் நண்பர் விலை கேட்டுக்கொண்டிருப்பது.

அதன் ஆண்டையும் பாருங்கள். 1917 ஆகஸ்டில்தான், இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தருவதாகப் பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு வெளியிட்ட அறிவிப்போடு சேர்ந்து, இந்தியர்களுக்கும் மன்னரின் கமிஷன் உண்டு என்று சொன்னார்கள். முதலில் பெற்றவர்கள் ஒன்பதே பேர். அந்த இளைஞருக்கு அச்சுப் படிவத்தில் பெயர் நிரப்பிக் கொடுத்த அதே ஆண்டில், இந்த நாட்டுக்கு ஒன்பது!


வைகைக்கரையான் எழுதியது:

முத்துச்செல்வி அம்மா, நெஞ்சைத் தொட்டுவிட்டீர்கள். என் பாட்டனாரின் தந்தை மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையில் சுபேதாராக இருந்தவர். பெங்களூரில் பயிற்சி பெற்று, பாலம் கட்டவும் கண்ணி அகற்றவும் கற்றுக்கொண்டு மெசபடோமியா வரை போனவர். எங்கள் வீட்டில் மன்னரின் பத்திரம் இல்லை. வைசிராய் பெயரில் வழங்கிய பத்திரம் இருந்தது. அதைக் கூடத்துச் சுவரில் காந்தி படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவே மாட்டியிருந்தார்கள். ஊரில் அவருக்கு "சுபேதார் ஐயா" என்றுதான் பெயர். பஞ்சாயத்து அவர் வராமல் தொடங்காது. அவருக்கு மேலே நின்ற பையன்களைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை என்று என் தாத்தா சொல்வார்.

அதே சாப்பர்ஸ் படையில், செங்கல்பட்டுப் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன் 1944-இல் இத்தாலியில் வெடிக்கவிருந்த கண்ணியின் மேல் தம் உடலைப் போட்டுத் தோழர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீரப் பதக்கம் அவர் இறந்த பிறகே வந்தது. அவரும் வைசிராயின் கமிஷன்காரர்தான். நம் பள்ளிப் புத்தகங்களில் அவர் பெயர் ஏன் இல்லை என்று எனக்கு இன்றும் ஆற்றாமை.


புதுவிடியல் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். நேராகக் கேட்கிறேன்: இப்படிப்பட்ட பத்திரத்தைக் காசு கொடுத்து வாங்கி வரவேற்பறையில் மாட்டுவானேன்? அடிமைப்படுத்தியவனின் ஆணை அது. ஒரு தமிழர் வீட்டில் அதற்கு என்ன இடம்?


முத்துச்செல்வி எழுதியது:

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தத் தாளை அடைவதற்காகவும் இந்தியர்கள் போராடினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காங்கிரஸ் மேடைகளிலும் மத்தியச் சட்டசபையிலும் ஆண்டுதோறும் எழுந்த கோரிக்கை அது. பிரிட்டனில் படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியைப் போல இந்தியாவிலும் ஒன்று வேண்டுமா என்று ஆராய 1925-இல் அமைத்த ஸ்கீன் குழுவில் ஜின்னா இருந்தார். மோதிலால் நேருவும் இருந்து, பின்னர் விலகினார். ஆட்சியதிகாரத்தின் கடைசிப் பூட்டு படைதான், அதன் சாவி அதிகாரிகளின் கமிஷன்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆங்கிலேயர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் கொடுத்துக்கொண்டே பிடுங்கினார்கள். சாண்ட்ஹர்ஸ்டில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் என்றார்கள். அங்கே தேறி வந்த இந்தியர்கள் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு மேலே போய்விடக் கூடாது என்று 1923-இல் "எட்டு அணித் திட்டம்" கொண்டுவந்தார்கள். இந்திய அதிகாரிகளை எட்டு அணிகளுக்குள் மட்டும் அடைத்துவிட்டால், எந்த ஆங்கிலேய இளைஞனும் இந்தியனிடம் ஆணை வாங்க வேண்டியிராது என்பது கணக்கு. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. இரண்டாம் உலகப் போரின் நெருக்கடி வந்த பிறகே, 1940-இல், அந்த வேலி விழுந்தது.

வேரூன்றிய தீமையை எரித்துவிட்டால், அதை எதிர்த்தவர்கள் எதை எதிர்த்தார்கள் என்று நம் பிள்ளைகளுக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது. மாட்டுவது வேண்டாமென்றால் மாட்ட வேண்டாம், பாதுகாக்கலாம்.


கல்லெழுத்து எழுதியது:

அம்மா சொன்னதோடு ஒரு நுட்பத்தைச் சேர்க்கிறேன். 1932 அக்டோபரில் டேராடூனில் இந்திய இராணுவ அகாதெமி திறந்தது. வெற்றி என்று கொண்டாடினார்கள். ஆனால் அங்கே தேறியவர்களுக்குக் கிடைத்தது பழைய பத்திரம் அன்று. சாண்ட்ஹர்ஸ்டிலும், பிரிட்டனின் மற்றொரு பயிற்சிக் கல்லூரியான உல்விச்சிலும் தேறியவர்கள் "மன்னரின் கமிஷன் பெற்ற இந்திய அதிகாரிகள்". அவர்கள் மன்னரின் தரைப்படை அதிகாரிகள் என்பதால் ஆங்கிலேய வீரர்கள் மீதும் அதிகாரம் உண்டு. டேராடூன்காரர்கள் "இந்தியக் கமிஷன் அதிகாரிகள்". அவர்களுடையது மன்னரின் இந்தியத் தரைப்படைக் கமிஷன். சம்பளமும் குறைவு, ஆங்கிலேயர் மீதான அதிகாரமும் சுருக்கம். ஒரே மெஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து உண்ட இரண்டு இந்தியர்களின் அதிகாரம் எங்கே படித்தார்கள் என்பதைப் பொறுத்து மாறியது.

நம் மாநிலத்துக்காரர் ஒருவரை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள குமாரமங்கலம் ஜமீன் குடும்பம், சென்னை மாகாண முதல்வராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன். ஈட்டனில் படித்து, உல்விச்சில் பீரங்கிப் பயிற்சி பெற்று, 1933-இல் மன்னரின் கமிஷன் பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் லிபியப் பாலைவனத்தில் டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் போர் விருது பெற்றார், பிறகு போர்க்கைதியானார். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தலைவர். அந்தப் பழைய கமிஷனோடு தரைப்படைத் தலைவரான கடைசி மனிதர் அவர். அவருக்குப் பின் வந்த மானெக்‌ஷா டேராடூனின் முதல் அணியில் தேறியவர். ஆக, இருவகைப் பத்திரங்களுக்கும் இடையிலான எல்லைக்கோடு 1969 ஜூனில், ஒரு தமிழரின் ஓய்வோடு தலைமைப் பதவியில் மறைந்தது.


வைகைக்கரையான் எழுதியது:

ஜமீன் வீட்டுப் பிள்ளைக்கு மன்னரின் தாள், எங்கள் சுபேதாருக்கு வைசிராயின் தாள். இனம் மட்டுமா பிரித்தது? ஈட்டனுக்குப் பிள்ளையை அனுப்ப யாரால் முடிந்தது? இதைப் பேசாமல் அந்த நாள்களைப் பேச முடியாது. குமாரமங்கலம் அவர்களின் வீரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை.


கல்லெழுத்து எழுதியது:

முற்றிலும் சரி. டேராடூனில் ஒரு பகுதி இடங்களைப் படையில் ஏற்கெனவே பணிபுரிந்த வீரர்களுக்கென்று ஒதுக்கியது அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. கொஞ்சம்தான்.


ஏட்டுக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இப்போது வேறொரு கேள்வி முளைத்துவிட்டது. 1950 ஜனவரி 26 அன்று மன்னர் இல்லாமல் போனார். அப்போது பணியில் இருந்த நம் அதிகாரிகள் எல்லோரிடமும் மன்னரின் பெயரால் வழங்கிய கமிஷன்தானே இருந்திருக்கும்? அவை என்ன ஆயின?


சட்டப்படிக்கட்டு எழுதியது:

வழக்கறிஞன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன்.

முதலில் 1947-ஐ மறந்துவிடாதீர்கள். ஆகஸ்ட் 15-க்குப் பிறகும் இந்தியா டொமினியன்தான், அதாவது மன்னரைத் தலைவராகக் கொண்ட தன்னாட்சி நாடு. ஆறாம் ஜார்ஜ் அரசராக நீடித்தார். 1949 ஜனவரி 15 அன்று ஜெனரல் புச்சரிடமிருந்து பொறுப்பேற்று முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா, இந்தோர் டேலி கல்லூரியில் பயின்று 1919-இல் மன்னரின் கமிஷன் பெற்றவர். மன்னர் பெயரளவில் தலைவராக இருக்கும்போதே அவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார். பழைய ஆவணம் பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: "இந்தியாவின் சக்கரவர்த்தி" பட்டத்தை ஆறாம் ஜார்ஜ் 1948 ஜூனில் முறைப்படி விட்டுக்கொடுத்தார். அதற்குப் பின் தேதியிட்ட எதிலும் "ஆர்.ஐ." வரக்கூடாது.

குடியரசு வந்ததும் அரசமைப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு முப்படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்தது. 310-ஆம் பிரிவின்படி பாதுகாப்புப் படையினர் அவருடைய விருப்பம் நீடிக்கும்வரை பதவி வகிக்கிறார்கள். 1950 ஜூலை 22 அன்று நடைமுறைக்கு வந்த தரைப்படைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, தகுதியானவர் என்று கருதும் எவருக்கும் அதிகாரியாகவோ இளநிலைக் கமிஷன் அதிகாரியாகவோ கமிஷன் வழங்கும் உரிமையைக் குடியரசுத் தலைவருக்குத் தருகிறது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் பணி முறியாமல் தொடர்ந்தார்கள். வைசிராய் கமிஷன் என்ற வகை போயிற்று; சுபேதார்களும் இப்போது குடியரசுத் தலைவரின் கமிஷன்தான் பெறுகிறார்கள். வைகைக்கரையான் கவனிக்க. மன்னர் வழங்கிய கொடிகளை அதே ஆண்டு நவம்பரில் டேராடூன் செட்வோட் மண்டபத்தில் மரியாதையோடு வைத்தார்கள்.


புதுவிடியல் எழுதியது:

அப்படியானால் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களின் பத்திரம் என்ன ஆயிற்று? மலேயாத் தோட்டங்களிலிருந்து எத்தனை ஆயிரம் தமிழர்கள் போனார்கள்! அவர்களை வழிநடத்திய அதிகாரிகள் மன்னரின் கமிஷனைத் தூக்கி எறிந்துவிட்டுத்தானே நேதாஜியிடம் போனார்கள்?


சட்டப்படிக்கட்டு எழுதியது:

அருமையான கேள்வி. செங்கோட்டை வழக்கின் மையமே அதுதான். 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்‌ஷ் தில்லான் மூவரையும் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்று நிறுத்தினார்கள். மூவரும் டேராடூனில் தேறியவர்கள். சுதந்திரத்துக்காகப் போரிடும் மக்களுக்கு அந்த உரிமையைச் சர்வதேசச் சட்டமே தருகிறது, ஆகவே மன்னரிடம் கொண்ட விசுவாசம் அதற்குக் குறுக்கே நிற்க முடியாது என்று அவர்களுக்காக வழக்கறிஞர் புலாபாய் தேசாய் வாதிட்டார். தீர்ப்பில் மூவருக்கும் ஆயுள்கால நாடுகடத்தல், பதவிப் பறிப்பு, சம்பள நிலுவை இழப்பு. நாடு கொதித்தது. 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் நாடுகடத்தலை நீக்கிவிட்டு மற்ற இரண்டையும் மட்டும் உறுதிசெய்தார். விடுதலையாகி வந்தவர்களை லட்சக்கணக்கான மக்கள் தோளில் தூக்கினார்கள்.

யோசித்துப் பாருங்கள், பேரரசால் கடைசியில் அவர்களிடமிருந்து பறிக்க முடிந்தது கமிஷனையும் நிலுவையையும் மட்டுமே. அவ்விரண்டும் அவர்கள் ஏற்கெனவே துறந்தவை.


ஹட்சன் கரை எழுதியது:

கமிஷனைத் துறப்பது பற்றிப் பேசுவதால் ஒன்றைச் சேர்க்க ஆசை. ஜார்ஜ் வாஷிங்டனுக்கு 1775 ஜூனில் படைத்தலைமைக் கமிஷனை வழங்கியபோது அந்த நாட்டுக்கு அரசத்தலைவரே இல்லை. காங்கிரஸின் தலைவர் ஜான் ஹான்காக் கையெழுத்திட்டார். போரை வென்றபின் 1783 டிசம்பர் 23 அன்று அனாபொலிஸில் கூடியிருந்த காங்கிரஸின் முன்னே சென்று, அந்தத் தாளைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். வென்ற படையின் தலைவன் கமிஷனைக் கொடுத்தவர்களிடமே திருப்பித் தந்த அந்த நாள், உலகில் பல நாடுகளுக்கு வாய்க்கவில்லை.


மலர்க்கொடி எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மகள் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதெமியில் பயின்று அதிகாரியானவள். 1992 முதல் பெண்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். அணிவகுப்பு முடிந்ததும் தோளில் நட்சத்திரத்தை மூடியிருந்த துணிப்பட்டையை நானும் அவள் தந்தையும் பிரித்தபோது என் விரல்கள் நடுங்கின. அவளுடைய கமிஷனில் குடியரசுத் தலைவரின் பெயரைப் பார்த்தபோது அது ஒரு வாழ்த்து மடல் என்ற அளவில்தான் நினைத்தேன். முத்துச்செல்வி அம்மா விளக்கிய அந்த வரியை இன்றைக்குத்தான் சரியாகப் படிக்கிறேன். விசுவாசம், துணிவு, நன்னடத்தை என்று ஏறத்தாழ அதே சொற்கள் இதிலும் இருக்கின்றன.

பெண்களுக்கும் நிரந்தரக் கமிஷன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில்தான் சொன்னது. ஆண் வீரர்கள் பெண்ணின் தலைமையை ஏற்க மாட்டார்கள் என்று அந்த வழக்கில் வாதம் வைத்ததைப் படித்தபோது இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தியனின் ஆணையை ஆங்கிலேயன் ஏற்க மாட்டான் என்று எட்டு அணிகளுக்குள் அடைத்தவர்கள் சொன்னதும் இதுதானே?


முத்துச்செல்வி எழுதியது:

மலர்க்கொடி, இந்த இழையில் நான் சொல்ல நினைத்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். மகளுக்கு என் வாழ்த்துகள். அந்தப் பத்திரத்தை அவள் எங்கே பணிபுரிந்தாலும் நீங்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள்.


ஏட்டுக்கட்டு எழுதியது:

இன்று மறுபடியும் கடைக்குப் போய் உருப்பெருக்கியால் பார்த்தேன். கல்லெழுத்து சொன்னபடியே பெயரின் கோடுகளில் ஏற்ற இறக்கம் தெரிகிறது. அரசரின் கையெழுத்து ஒரே கனம். லண்டன் கெஜட்டை இணையத்தில் தேடினேன். இளைஞரின் நியமனம் அதில் இருக்கிறது, பதவி தொடங்கும் தேதியும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறது. விற்பவரிடம் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னதும் விலையைப் பாதியளவுக்கும் கீழே இறக்கினார். வாங்கிவிட்டேன். வரவேற்பறையில் மாட்டப் போவதில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் வரும் கண்காட்சிக்குக் கொடுக்க எண்ணம். வைகைக்கரையான் அனுமதித்தால் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் வைசிராய் பத்திரத்தின் படத்தையும் பக்கத்தில் வைக்க ஆசை.

அந்த இளைஞர் போரில் பிழைத்தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பத்திரத்தைச் சென்னை வெக்கையில் எப்படிக் காப்பது?


கல்லெழுத்து எழுதியது:

முதல் உலகப் போர்க்கால அதிகாரிகளின் கோப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 339, டபிள்யூ.ஓ. 374 ஆகிய வரிசைகளில் இருக்கின்றன. பெயரை வைத்து அட்டவணையில் தேடலாம். இந்தியப் படைக்கு மாறியிருந்தால் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் எல்./எம்.ஐ.எல்./14 வரிசையைப் பாருங்கள். போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர் இருக்கும், அதிலிருந்தே தொடங்குங்கள்.

பத்திரத்தை எந்தக் காரணத்துக்காகவும் லேமினேட் செய்யாதீர்கள். கண்ணாடியில் நேரடியாக ஒட்டாமல் நடுவே அமிலமற்ற அட்டை விளிம்பு கொடுங்கள். வெயில் படும் சுவரும் வெளிச்சுவரும் ஆகாது. மழைக்காலத்தில் ஈரம் இறங்கினால் தாள் சுருண்டுவிடும். பின்பக்கப் பலகை பழைய மரமாக இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், பூச்சி அங்கிருந்துதான் வரும். கண்காட்சியில் அசலை ஓரிரு நாள் வைத்துவிட்டு மீதி நாள்களுக்கு நல்ல நகலை வையுங்கள்.


வைகைக்கரையான் எழுதியது:

தாராளமாக வையுங்கள். படம் மட்டும் எதற்கு? எங்கள் சித்தப்பா வீட்டில் அசலே இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கேட்டு வாங்கி நானே கொண்டுவருகிறேன். உங்கள் பள்ளி எந்த ஊர், கண்காட்சி எப்போது என்று தனிச்செய்தியில் தெரிவியுங்கள்.